தைமாவின் ஹத்தாஜ் கிணறும் அதைச் சுற்றிய சோலை ஊர்களும்

தபூக்வாசி எழுதியது:

சவூதியின் வடமேற்கில் தபூக்கில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பஸ் பிடித்து மதீனா போகும்போதெல்லாம் தைமாவைத் தாண்டித்தான் போகிறோம். பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கும், தொழுகை, ஒரு டீ, அவ்வளவுதான். ஊருக்குள் திரும்பினால் பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே ஒரு கிணறு இருக்கிறது என்று பத்து வருஷம் இங்கே இருந்தவர்களுக்குக்கூடத் தெரியவில்லை. அதனால்தான் இந்த இழை, கிணற்றின் படத்தோடு.

பெயர் பிர் ஹத்தாஜ். வாய் அகலம் சுமார் 18 மீட்டர், ஆழம் சுமார் 12 மீட்டர். உள்சுவர் முழுக்கக் கல் அடுக்கியது. விளிம்பைச் சுற்றி மரச்சட்டங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்து நிற்கும், ஒவ்வொன்றிலும் ஓர் உருளை. சட்டத்தின் காலடியில் கல் தொட்டி, தொட்டியிலிருந்து வாய்க்கால், வாய்க்கால் நேரே தோப்புக்குள். ஒரே நேரத்தில் 99 ஒட்டகங்கள் வரை இதில் நீர் இறைத்தன என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே இருந்த கிணறு என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு.

ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத இடம். அங்கே 12 மீட்டரில் தண்ணீர்! எங்கள் ஊர்ப்பக்கம் 800 அடி போர் போட்டும் புகைதான் வருகிறது. இது எப்படி என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மேட்டுக்காடு எழுதியது:

நீங்கள் போட்ட படத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டதுங்க. இது நம் கவலை ஏற்றமேதான். மாட்டுக்குப் பதில் ஒட்டகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

தெரியாத தலைமுறைக்காகச் சொல்கிறேன். தோல் சால், அதாவது தோலில் செய்த பெரிய வாளி, கிணற்றுக்குள் இறங்கும். சாலின் அடியில் குழாய்போல ஒரு தோல் வால். இரண்டு கயிறு. வடக்கயிறு மேல் உருளை வழியாகச் சாலைத் தூக்கும். வால்கயிறு கீழே இருக்கும் சிறு உருளை வழியாக வாலை மடக்கிப் பிடித்திருக்கும். இரண்டும் ஒரே நுகத்தில் கட்டியிருக்கும். கிணற்றிலிருந்து விலகிப் போகும் பாதை சரிவாக வெட்டியிருக்கும். மாடு சரிவில் இறங்க இறங்க, அதன் எடையும் சேர்ந்து இழுப்பதால் சால் மேலே வரும். விளிம்பைத் தொட்டதும் வால் மட்டும் தொட்டிப் பக்கம் நீண்டு, மடிப்பு விரிந்து தண்ணீர் தானாகக் கொட்டிவிடும். சாலை யாரும் கையால் கவிழ்க்க வேண்டாம். பிறகு மாடு பின்னோக்கி ஏறும், சால் இறங்கும்.

அந்தச் சரிவுப் பாதையின் நீளம் ஏறக்குறைய கிணற்றின் ஆழம்தான் இருக்கும். ஹத்தாஜில் 12 மீட்டர் என்றால் ஒட்டகம் ஒரு நடைக்கு அவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டும். படத்தில் கிணற்றிலிருந்து கதிர்கள்போல் நாலாபுறமும் பிரியும் பாதைகள் அவைதான்.

என் கேள்வி வேறு. ஒரு கிணற்றுக்கு நம் பக்கம் ஒரு கவலை, பெரிய கிணறாக இருந்தால் இரண்டு அல்லது நான்கு. இத்தனை ஒட்டகம் ஒரே கிணற்றில் இறைத்தால் ஊற்று தாங்குமா?

நீர்மட்டம் எழுதியது:

நல்ல கேள்வி. நிலத்தடி நீர்த் துறையில் இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தைமா ஒரு தாழ்வான கிண்ணத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஊருக்கு வடக்கே பெரிய உப்புப் படுகை உண்டு, அரபியில் சப்கா. சுற்றுவட்டாரத்து மண்ணுக்கடியில் நகரும் நீரெல்லாம் அந்தத் தாழ்வை நோக்கித்தான் வரும். வந்து, மேல்மட்டத்தை நெருங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போகும். சப்காவுக்குள் கிணறு வெட்டினால் உப்பு நீர். அதிலிருந்து விலகி மேட்டில் வெட்டினால் ஆழம் அதிகம். இரண்டுக்கும் நடுவில் நல்ல நீர் ஆழம் குறைவாகக் கிடைக்கும் ஒரு பட்டை இருக்கும். ஊர் அந்தப் பட்டையில் உட்கார்ந்திருக்கிறது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், அரேபியாவில் மழை கூடுதலாக இருந்த காலத்தில், அந்தச் சப்கா ஏரியாகவே இருந்திருக்கிறது. அதன் படிவுகளைத் துளையிட்டு எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

இனி 18 மீட்டர் அகலத்துக்கு வருவோம். ஊற்று ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று சுரக்கும். அதை யாரும் கூட்ட முடியாது. அகலமான கிணற்றால் இரண்டு லாபம். முதலாவது, இரவு முழுக்கச் சுரப்பதைச் சேர்த்து வைக்கலாம். 18 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது சுமார் இரண்டரை லட்சம் லிட்டர். இரண்டாவது, சுற்றளவு 55 மீட்டருக்கு மேல் வருவதால் பல குடும்பங்கள் தனித்தனி உருளை போட்டு ஒரே நேரத்தில் இறைக்கலாம். குடிநீருக்கு மட்டும் என்றால் இந்த அகலம் வேண்டியதே இல்லை. பாசனத்துக்காகவே வெட்டிய கிணறு இது.

தாங்குமா என்றால், ஒட்டகம் இழுக்கும் வேகத்துக்குத் தாங்கும். தோல் சாலின் அளவு, ஒட்டகத்தின் நடை, பகல் பொழுது ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு போட்டுவிடுகின்றன. நீர் இறங்கினால் நடை நீளும், சால் எண்ணிக்கை தானாகக் குறையும். சட்டம் போட்டு யாரையும் தடுக்க வேண்டியதில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கிணற்றைப் பற்றிப் பேச வேண்டிய முக்கியமான விஷயம் அதன் வயதை விட இதுதான்.

கல்வெட்டுப்பித்து எழுதியது:

வயதும் முக்கியம்தான் ஐயா :-) ஏனென்றால் இந்த ஊரில் பாபிலோன் பேரரசனே பத்து ஆண்டு தங்கியிருக்கிறான்.

நபோனிடஸ், ஆட்சிக்காலம் கி.மு. 556 முதல் 539 வரை. பாபிலோனின் கடைசி அரசன். பட்டத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே தலைநகரை மகன் பெல்ஷாசரிடம் விட்டுவிட்டுப் படையோடு தைமாவுக்கு வந்துவிட்டான். அரசன் ஊரில் இல்லாததால் பாபிலோனில் புத்தாண்டு விழாவே நடக்கவில்லை என்று அந்தக் கால நாளாகமப் பலகை ஆண்டுதோறும் குறித்து வைத்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று அந்தக் குறிப்பிலேயே தெரியும்.

ஹர்ரானில், இப்போதைய துருக்கியின் தென்பகுதியில், மசூதியின் படிக்கல்லாகக் கிடந்த அவனுடைய கல்வெட்டுகளை 1956இல் கண்டுபிடித்தார்கள். அதில் தான் சுற்றி வந்த ஊர்களை அவனே அடுக்குகிறான்: தேமா, ததானு, பதக்கு, ஹிப்ரா, யதீஉ, யத்ரிபு. ததானு என்பது இன்றைய அல் உலாவில் இருந்த ததான். பதக்கு என்பது பதக், இப்போது அல் ஹாயித். ஹிப்ரா என்பது கைபர். யத்ரிபு என்பது மதீனா. இந்த வரிசையை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். வடக்கிலிருந்து தெற்கே ஒரு சோலையிலிருந்து அடுத்த சோலைக்கு ஒட்டகக் கூட்டம் போகும் பாதை அப்படியே கிடைக்கும். ஏமனிலிருந்து சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் மேலே வந்த பாதை அது. 2021இல் அல் ஹாயித்தில் நபோனிடஸின் உருவமும் பாபிலோனியர் எழுதிய ஆப்பு வடிவ எழுத்தில் 26 வரியும் பொறித்த பாறை கிடைத்ததாகச் சவூதி தொல்லியல் துறை அறிவித்தது. ஆக, அவன் சொன்னது வெறும் பெருமைப் பேச்சு இல்லை.

ஏன் வந்தான்? சந்திரக் கடவுள் சின் மீது அவனுக்கு இருந்த பற்றால் பாபிலோனின் தலைமைக் கடவுள் மர்துக்கின் பூசாரிகளோடு பகை என்பது ஒரு விளக்கம். வாசனைப்பொருள் வழியைக் கைப்பற்ற என்பது இன்னொன்று. சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் ஒன்றில், அவன் ஏழு ஆண்டு தைமாவில் தோல் நோயோடு கிடந்தான் என்று இருக்கிறது. என் கட்சி வணிகம்தான். பூசாரிகளோடு சண்டை என்றால் பேரரசில் வேறு ஊரா கிடைக்கவில்லை? ஆறு சோலைகளைக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்தப் பாதையில் போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் வரி கிடைக்கும்.

ஈச்சங்காடு எழுதியது:

ஹத்தாஜை நபோனிடஸ்தான் வெட்டினான் என்று ஒரு யூடியூப் காணொளியில் சொன்னார்களே, சரியா?

கல்வெட்டுப்பித்து எழுதியது:

இல்லை. அவன் வெட்டினான் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. பாபிலோனில் அவனைத் திட்டி எழுதிய ஒரு பாடல் பலகை இருக்கிறது. அதன்படி அவன் தைமாவின் தலைவனைக் கொன்று, மக்களின் கால்நடைகளை அழித்து, பாபிலோனில் இருப்பதைப் போல் ஓர் அரண்மனை கட்டினான். எதிரிகள் எழுதியது, அதனால் அளந்துதான் நம்ப வேண்டும். ஆனால் அதிலிருந்தே ஒன்று தெரிகிறது. அவன் வரும்போது அங்கே தலைவனும் ஊரும் மந்தையும் ஏற்கெனவே இருந்தன. அப்படியென்றால் கிணறுகளும் இருந்திருக்க வேண்டும்.

அதற்கும் 600 ஆண்டுகளுக்கு முந்தைய தடயமே உண்டு. எகிப்து அரசன் மூன்றாம் ராமேசஸின் பெயர்முத்திரை பொறித்த பாறையை 2010இல் தைமாவுக்கு அருகே கண்டறிந்தார்கள். 2004 முதல் ஜெர்மன் தொல்லியல் நிறுவனமும் சவூதித் துறையும் சேர்ந்து அங்கே அகழாய்வு செய்தன.

எனக்கு மிகப் பிடித்தது அரமேய மொழியில் இருக்கும் தைமா கல். 1880களில் பிரான்சுக்குப் போய் இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சல்ம் என்ற கடவுளின் புதிய வழிபாட்டுக்கு ஊர்த் தெய்வங்கள் மானியம் தந்த ஆவணம் அது. மானியம் என்ன தெரியுமா? நிலத்திலிருந்து 16 பேரீச்சை மரம், அரசன் சொத்திலிருந்து 5, மொத்தம் 21, ஆண்டுதோறும். பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை, மரக்கணக்கு. அந்த 21 மரமும் யாரோ இறைத்த நீரில் நின்றவை.

அன்னம்மா_ரியாத் எழுதியது:

நம் தமிழ் வேதாகமத்திலும் இந்த ஊர் உண்டு, தேமா என்று. ஏசாயா 21ஆம் அதிகாரத்தில், தப்பியோடி வருகிறவர்களுக்குத் தண்ணீரும் அப்பமும் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று தேமாவின் குடிகளிடம் சொல்லப்படுகிறது. யோபு 6ஆம் அதிகாரத்தில் தேமாவின் பயணக் கூட்டம் தண்ணீரைத் தேடி வந்து ஏமாந்து போகும் காட்சி வரும். சிறு வயதிலிருந்து படித்த வசனம். அது நான் சம்பளம் வாங்கும் இதே நாட்டில் இருக்கும் ஊர் என்று இன்றுதான் உறைத்தது. இழையைத் தொடங்கியவருக்கு நன்றி தம்பி.

தபூக்வாசி எழுதியது:

நன்றி அக்கா. அங்கேயே இன்னொரு கதையும் கேள்விப்பட்டேன். 6ஆம் நூற்றாண்டில் அல் சமவ்அல் என்ற யூதக் கவிஞர் தைமாவின் அல் அப்லக் கோட்டையில் இருந்தார். இம்ருல் கைஸ் என்ற பெருங்கவிஞர் தன் கவசங்களை அவரிடம் அடைக்கலமாக விட்டுப் போனார். எதிரிகள் கோட்டையை முற்றுகையிட்டு, அவர் மகனைப் பிடித்துக்கொண்டு, கவசத்தைக் கொடு என்றார்கள். அவர் கொடுக்கவில்லை. மகனைக் கண்முன்னே கொன்றார்கள். சொன்ன சொல் தவறாதவனை ‘சமவ்அலை விட நம்பிக்கையானவன்’ என்று அரபிகள் இன்றும் சொல்வார்கள்.

நீர்மட்டம் எழுதியது:

கோட்டை என்றதும் சுவர் ஞாபகம் வருகிறது. தைமாவைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குப் பழைய மதில் ஓடுகிறது. கைபரில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2024இல் வெளியான ஆய்வின்படி கைபர் சோலையைச் சுற்றி சுமார் 14.5 கிலோமீட்டர் மதில் இருந்திருக்கிறது, கட்டிய காலம் கி.மு. 2250க்கும் 1950க்கும் இடையே. வீடுகளுக்காக மட்டும் இவ்வளவு நீள மதில் தேவையில்லை. தோப்பையும் வயலையும் நீரையும் சேர்த்து உள்ளே வைத்திருக்கிறார்கள். கொள்ளையடிக்க வருபவனுக்கு வீட்டை விடப் பெரிய இலக்கு பழுத்த பேரீச்சைதான்.

இன்னொன்று. எல்லாச் சோலைகளையும் ஒரே மாதிரி நினைக்கக் கூடாது. தைமாவுக்குக் கிணறு. கைபர் எரிமலைக் கல் நிலத்தின் விளிம்பில் இருப்பது. அந்தக் கருங்கல் பரப்பில் விழும் மழை உள்ளே இறங்கிப் பள்ளத்தாக்கில் சுனையாக வெளியே வரும். அல் உலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய நகரம் ஹெக்ரா. அங்கே நபாத்தியர்கள் என்ற பழங்கால வணிக மக்கள் மணற்பாறைக்குள்ளேயே கிணறு குடைந்தார்கள். நூறுக்கும் மேற்பட்ட கிணறுகள் அங்கே எண்ணப்பட்டிருக்கின்றன. எல்லோரும் ஹெக்ராவின் கல்லறை முகப்புகளைப் படம் எடுக்கிறார்கள், கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அல் உலாவில் ஊற்று நீரை முறை வைத்துப் பங்கிட்டார்கள். பழைய ஊரில் தந்தோரா என்று ஒரு நிழற்கடிகாரம் இருக்கிறது. கூம்பான கல் கட்டடம். குளிர்காலம் தொடங்கும் நாளில் அதன் நிழல் தரையில் நட்ட ஒரு கல்லின் நுனியைத் தொடும். விதைப்புப் பருவத்துக்கும் நீர் முறைக்கும் அதுதான் நாட்காட்டி.

மேட்டுக்காடு எழுதியது:

முறை பற்றிச் சொன்னது எங்களுக்கு நன்றாகப் புரிகிறதுங்க. பங்காளிக் கிணற்றில் முறைநீர் சண்டை தீராத குடும்பம் எங்கள் பக்கம் கிடையாது.

ஹத்தாஜ் இடையில் கைவிடப்பட்டதா, தொடர்ந்து ஓடியதா?

கல்வெட்டுப்பித்து எழுதியது:

சில நூற்றாண்டுகள் மண் மூடிக் கிடந்து பிறகு தூர்வாரப்பட்டது என்பது ஊர் வரலாறு. 1877இல் சார்லஸ் டௌட்டி என்ற ஆங்கிலேயப் பயணி அங்கே போனபோது கிணறு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி வந்தபோது உள்சுவரின் ஒரு பகுதி சரிந்து கிடந்தது. இந்த அந்நியன் பார்த்து எழுதிக்கொண்டு போனதால்தான் கண்பட்டு இடிந்தது என்று ஊரார் அவர்மேல் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. ஊரின் மொத்தச் சோறும் அந்தச் சுவரில் நிற்கும்போது, யாரையாவது கேட்கத்தானே தோன்றும்.

1950களில் மன்னர் சவூத் கிணற்றுக்கு நான்கு மோட்டார் பம்புகள் கொடுத்தார். ஒட்டகங்களுக்கு ஓய்வு. பின்னால் மரபுச் சின்னமாகச் சீரமைத்து, இப்போது நாம் பார்க்கும் மரச்சட்டங்களை மறுபடி நிறுவினார்கள்.

ஈச்சங்காடு எழுதியது:

அப்படியானால் பம்புதான் வில்லன். நீர்மட்டம் ஐயா சொன்ன இயற்கையான உச்சவரம்பு அன்றோடு போய்விட்டது.

மேட்டுக்காடு எழுதியது:

அப்படிச் சொல்லாதீங்க தம்பி. கவலை ஓட்டினவன் கையைப் பார்த்திருக்கீங்களா? எங்கள் அப்பாருக்கு உள்ளங்கை விரல்கள் முழுசாக நிமிராது. விடியற்காலை மூன்று மணிக்கு மாடு கட்டி, வெயில் ஏறும் வரை முன்னும் பின்னும் நடை. பின்னோக்கி ஏறும்போது மாட்டுக்கு மூச்சு வாங்கும், ஓட்டுபவனுக்கும்தான். கரண்ட் மோட்டார் வந்த அன்று எங்கள் வீட்டில் பொங்கல் வைத்தார்கள். தைமாவிலும் அந்த வேலையைச் செய்தவன் அப்படித்தான் நினைத்திருப்பான். கஷ்டப்பட்டவன் கஷ்டம் தீர்ந்ததைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நீர்மட்டம் எழுதியது:

மேட்டுக்காடு அண்ணன் பக்கம்தான் நானும். நான்கு பம்பு ஹத்தாஜைக் கெடுக்கவில்லை. அகலக் கிணற்றில் வைத்த பம்பு, சுரந்ததை மட்டும்தான் எடுக்கும். நீர் தீர்ந்தால் மோட்டார் நிற்கும்.

பெரிய மாற்றம் 1980களில் வந்தது, ஆழ்துளைக் கிணறு வழியாக. சவூதி அரசு கோதுமைக்கு மிகப் பெரிய மானியம் கொடுத்தது. பாலைவனத்தில் ஒரு நட்டநடுக் குழாயைச் சுற்றி வட்டமாகச் சுழலும் தெளிப்பான்கள் வந்தன. விமானத்திலிருந்து தபூக் பக்கம் பார்த்தால் தெரியும் பச்சை வட்டங்கள் அவைதான். 1990களின் தொடக்கத்தில் விளைச்சல் ஆண்டுக்கு 40 லட்சம் டன்னைத் தொட்டு, கோதுமை ஏற்றுமதி செய்யும் நாடாகவே ஆனது. அந்த நீர் சாக் என்னும் மணற்பாறை அடுக்கிலிருந்து வந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை அது. இன்றைய மழையால் அதை ஈடுகட்டவே முடியாது. எல்லை தாண்டினால் ஜோர்டானில் அதே அடுக்குக்குப் பெயர் டிசி. 2013 முதல் அம்மான் நகரமே அதிலிருந்து குழாய் வழியாகக் குடிக்கிறது. ஒரே கிண்ணத்தில் இரண்டு நாடு உறிஞ்சுகிறது.

2008இல் அரசே உண்மையை ஒப்புக்கொண்டு, கோதுமைக் கொள்முதலை ஆண்டுக்கு 12.5 சதவீதம் குறைப்பது என்று முடிவெடுத்தது. 2016இல் உள்நாட்டுக் கொள்முதலை நிறுத்தியது. பிறகு சிறு விவசாயிகளுக்காக ஓரளவு திரும்ப அனுமதித்தார்கள்.

சாக் அடுக்கில் இறங்கிய ஆழ்துளைக்கு ‘இன்றைக்கு இவ்வளவுதான்’ என்று சொல்லும் தோல் சால் கிடையாது. அந்த வரம்பை இனி மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் வைக்க வேண்டும். தந்தோரா நிழலுக்குக் கட்டுப்பட்டு அல் உலாக்காரர்கள் பலர் ஒரு ஊற்றைப் பங்கிட்டிருக்கிறார்கள். அளவுமானியும் கட்டணமும் வைத்து அதே வேலையை இன்று ஏன் செய்ய முடியாது? நம் ஊர் இலவச மின்சார மோட்டாருக்கும் இதே கேள்வியைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேட்டுக்காடு எழுதியது:

கோபம் இல்லைங்க. அளவுமானி வைத்தால் முதலில் யாருக்கு வைப்பார்கள் என்பதுதான் எங்கள் பயம். ஐந்து ஏக்கர்க்காரனுக்கு வைத்துவிட்டுப் பக்கத்து ஆலைக்கு விட்டுவிடுவார்கள். தைமாவில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு குடும்பம், எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இறைத்தார்கள். யார் எத்தனை சால் எடுத்தான் என்பது ஊருக்கே தெரியும். பூமிக்குள் ஆயிரம் அடியில் எவன் எவ்வளவு எடுக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கணக்கை ஊர்ச் சாவடியில் எழுதிப் போட்டால் நானே முதல் ஆளாக அளவுமானி வைக்கிறேன்.

நீர்மட்டம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. பெரிய பண்ணையின் கணக்கு முதலில் வெளியே வர வேண்டும். தபூக்கிலும் அதே வரிசைதான் சரி.

அன்னம்மா_ரியாத் எழுதியது:

டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு போகலாம் என்று இருக்கிறோம். எப்படிப் போவது தம்பி? பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம்?

தபூக்வாசி எழுதியது:

தபூக் வரை விமானத்தில் வந்து கார் எடுங்கள் அக்கா. மதீனா நெடுஞ்சாலையில் சுமார் 260 கிலோமீட்டரில் தைமா. டிசம்பரில் இரவு நன்றாகக் குளிரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். ஹத்தாஜ் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. காலையில் போனால் வெளிச்சம் கிணற்றுக்குள் இறங்கி அடுக்குக் கற்கள் தெளிவாகத் தெரியும். அங்கிருந்து அல் உலா, ஹெக்ரா. ஹெக்ராவுக்குள் சொந்தக் காரில் போக முடியாது, முன்பதிவு செய்து அவர்கள் வண்டியில்தான் போக வேண்டும். அங்கே வழிகாட்டியிடம் கிணறுகளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிறகு கைபர் வழியாக மதீனா விமான நிலையத்தில் காரை விட்டுவிட்டு ரியாத் திரும்பலாம்.

கிளம்புவதற்கு முன் ரியாத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வாருங்கள். தைமாவில் 1979இல் தோண்டி எடுத்த அல் ஹம்ரா கனசதுரக் கல் அங்கேதான் இருக்கிறது. காளைத் தலையும் அதன் கொம்புகளுக்கு நடுவே வட்டமும் செதுக்கியது. கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் நின்று பார்க்கலாம்.